பன்னிரண்டிலிருந்து நாலு வரை

இது நடந்தது. ஜெயரட்ணம் சம்பந்தப்பட்ட கதை என்றதும் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத் தமிழரில் பாதிப்பேர் சிரிப்பார்கள். அவர் மேடையில் சொன்ன கதையென்றால் சிரிப்பதற்கு நியாயம் இருக்கிறது. இதை அவர் எந்த மேடையிலும் சொல்லவில்லை. முகநூலிலும் போடவில்லை. மில்லிக்கனில் ஒரு பிளாசாவுக்கு முன்னால், காருக்குள், கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, மைத்துனன் மரியோவிடம் மட்டும் ஒரேயொரு தடவை சொன்னார். தன்னை ஒரு வரிகூட உயர்த்தாமல் ஜெயரட்ணம் சொன்ன ஒரே கதை இதுதான். அதற்காகவே நம்பலாம்.

ஜெயரட்ணம் வீடு விற்றுக் கொடுப்பவர். மில்லிக்கனில் மூன்று பஸ் தரிப்பு வாங்குகளின் விளம்பரத்தில் அவருடைய முகம் பெரிதாக இருக்கிறது. சனம் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் பஸ் பார்க்கிறது. பெயருக்கு முன்னால் 'சேவைத் திலகம்', 'சமூக மாமணி' என்று இரண்டு பட்டங்கள். இரண்டையும் கொடுத்த சங்கங்களுக்கு அந்தந்த வருடம் தலைவராக இருந்தவர் அவரே. நாலு வருடத்துக்கு முன்னர் ஆபிரிக்காவில் ஒரு மலையின் உச்சியைத் தொட்டதாக மண்டபம் எடுத்து விழா வைத்தார். உச்சியில் நின்று எடுத்த படத்தை அவருடைய மகள் செரீனா பெரிதாக்கிப் பார்த்தாள். அப்பாவின் தோளுக்குப் பின்னால் ஒரு கார்த் தரிப்பிடமும் ஒரு குளிர்பானக் கடையும் இருந்தன.

அவள் சண்டை பிடிக்கவில்லை. போன வருடம் ஒரு காலையில், பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நீங்க சொல்லுற கதையில ஒண்டே ஒண்டு... ஜஸ்ற் வன்... உண்மையா இருந்தா எனக்குக் காணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஜெயரட்ணம் அன்றைக்கே மறந்திருப்பார். கோபமே இல்லாமல் சொன்னாள். அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இருபத்தொரு வயதுப் பிள்ளை, ஒரே பிள்ளை. ஊர் முழுக்க நம்புகிறதோ இல்லையோ, அவள் ஒரு தடவை நம்பவேண்டும். அவருடைய வாழ்க்கையில் உண்மையாக அவர் ஆசைப்பட்ட விஷயம் அநேகமாக அது ஒன்றுதான்.

அப்படித்தான் அத்திலாந்திக் வந்தது.

டுவார்த்தே என்று ஒருவர். அசோர்ஸ் தீவுகளில் பிறந்து, ரொறன்ரோவில் முப்பது வருடம் வீட்டுக் கூரை போட்டுவிட்டு, அறுபது வயதில் திரும்பிப்போய்ப் பாய்ப்படகு வாங்கியவர். கோடையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அசோர்ஸின் ஹோர்ட்டாத் துறைமுகத்திலிருந்து மதீராத் தீவுக்கு ஓடுவார். அறுநூற்று எழுபது கடல்மைல். ஐந்து இரவு. அனுபவம் தேவையில்லை, ஆனால் ஏறுகிறவர் எல்லோரும் முறை வைத்துச் சுக்கான் பிடிக்கவேண்டும்.

ஜெயரட்ணம் துணைக்கு மரியோவைக் கூட்டிக்கொண்டு போனார். மரியோ அவருடைய மனைவி றோஸ்மேரியின் தம்பி. அத்தானுடைய விழாக்களில் கதிரை அடுக்குவது, விருந்தினரை விமான நிலையத்தில் ஏற்றுவது, எல்லோரும் போனபின் மண்டபம் கூட்டுவது எல்லாம் மரியோதான். இந்தத் தடவை படம் எடுப்பதும் அவன் பொறுப்பு.

புறப்படுவதற்கு முன்பே புத்தகம் அச்சாகிவிட்டது. 'அத்திலாந்திக்கில் தனித்து நின்றேன்.' பன்னிரண்டு அத்தியாயம். ஏழாவது அத்தியாயம் 'நள்ளிரவுக் காவல்': "அந்தக் காரிருளில் நானும் கடலும் மட்டும். என் கை சுக்கானை விடவில்லை." இதை அவர் மே மாதம், மார்க்கத்தில், குசினி மேசையில் இருந்து, பற்றிஸ் கடித்துக்கொண்டு எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு ஜூலை 26 என்று மண்டபமும் பிடித்தாயிற்று. மிச்சம் இருந்தது கடலுக்குப் போவது மட்டும்தான்.

ஒரு மஞ்சட்கலந்த சிவப்பு மழைச் சட்டையும் தைப்பித்தார். முதுகில் வெள்ளை நூலால் பெரிய எழுத்து: கப்டன் ஜெயரட்ணம். உண்மையான கப்டன் டுவார்த்தே அணிந்திருந்தது முழங்கையில் கிழிந்த ஒரு ஸ்வெற்றர்.

ஹோர்ட்டாவில் ஏறும்போது டுவார்த்தே சட்டத்தைச் சொன்னார். இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு அவர். பன்னிரண்டிலிருந்து நாலு ஜெயரட்ணம். அதை அவரே கேட்டு எடுத்தார், ஏழாவது அத்தியாயம் அச்சாகிவிட்டதே. நாலிலிருந்து எட்டு மரியோ. ஒவ்வொரு மணிக்கும் கீழே இறங்கி, விளக்கு மேசையில் இருக்கும் பதிவுப் புத்தகத்தில் திசை, காற்று, வேகம் எழுதவேண்டும். முறை முடிந்ததும் கையெழுத்து வைக்கவேண்டும்.

"நின்றவன் எழுதவேண்டும். எழுதியவன் கையெழுத்து வைக்கவேண்டும்," என்றார் டுவார்த்தே. "கடலில் இதற்கு மேல் சட்டம் இல்லை."

ஜூலை 12, சனிக்கிழமை. காலை 10:40க்குப் படகு புறப்பட்டது. 11:30க்கு ஜெயரட்ணம் பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கமராவுக்கு முன் உரையாற்றினார். 11:40க்கு வாந்தி. மூன்று மணிக்கு முன்னறைக் கட்டிலில், ஒரு வாளியைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தார். ஏழாவது அத்தியாயத்தில் வாளி கிடையாது.

இரவு 11:50க்கு டுவார்த்தே மேல்தளத்தில் குதிக்காலால் தட்டினார். டொக்... டொக்.

"ஓம், வாறன்," என்றார் ஜெயரட்ணம். ஒரு காலைக் கீழே வைத்தார். தரை எழும்பி அவரிடம் வந்தது. ஐந்து நிமிடம் கண்ணை மூடிவிட்டுப் போகலாம் என்று படுத்தார்.

கண் திறந்தபோது வெளிச்சம். 6:20.

பதறிக்கொண்டு படியேறினார். ஹோர்ட்டாவில் சாப்பிட்ட மீன் பழுது என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மேலே மரியோ சுக்கானில் நின்றான். டுவார்த்தே கோப்பிக் கோப்பையோடு இருந்தார்.

"வா, வா," என்றார் டுவார்த்தே. "திசை நூற்று முப்பது என்றேன். நாலு மணித்தியாலம் ஊசி அசையவில்லை. உனக்கு யார் பழக்கினது?"

ஜெயரட்ணம் மீனை விழுங்கினார்.

"எனக்கும் நம்ப ஏலேல்ல அத்தான்," என்றான் மரியோ. "நாலு மணிக்கு நான் ஏறேக்க என்னைத் தாண்டி இறங்கிப் போறியள், ஒரு கதையும் இல்ல. என்னோட கோவமாக்கும் எண்டு நினைச்சன்."

ஜெயரட்ணத்துக்கு ஒரு கணம் தலை சுற்றியது. அடுத்த கணம் எல்லாம் விளங்கிவிட்டது. மரியோ. வேறு யார்? அத்தான் படுத்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறான். அத்தானின் சட்டையை மாட்டி, தொப்பியை இழுத்துவிட்டு, அத்தானுடைய நாலு மணித்தியாலத்தையும் தன்னுடையதையும் சேர்த்து நின்றிருக்கிறான். இருட்டில் டுவார்த்தேயின் கிழட்டுக் கண்ணுக்கு எது தெரியப்போகிறது? அக்காவின் மானம் காக்க இப்போது நடிக்கிறான். மச்சான் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும். இருபத்தைந்து வருடமாக அவருக்காகக் கதிரை அடுக்கியவன், சுக்கானையும் பிடித்திருக்கிறான். இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது?

அவனிடம் கேட்டால் நன்றி சொல்லவேண்டி வரும். ஆகவே கேட்கவில்லை.

"சின்ன வயசிலயே எனக்குக் கடல் பழக்கம்," என்றார் டுவார்த்தேயிடம், ஆங்கிலத்தில்.

"கையெழுத்து வைக்க மறந்துவிட்டாய்."

கீழே பதிவுப் புத்தகம் திறந்திருந்தது. 01:00, 02:00, 03:00, 04:00. நாலு வரி. அழகான, சாய்வில்லாத இலக்கங்கள். ஏழு என்ற இலக்கத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு. மரியோ ஏழுக்குக் கோடு போடுவதில்லை. ஜெயரட்ணம் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு, கல்வெட்டுத் திரைநீக்கத்தில் வைப்பதுபோல நீட்டி வளைத்துக் கையெழுத்து வைத்தார். அதே பக்கத்தில் மேலே டுவார்த்தே ஏதோ எழுதியிருந்தார். மற்றவர் எழுதியதை வாசிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

இரண்டாவது இரவு அவர் காலைக் கீழே வைக்கக்கூட இல்லை.

காலையில் டுவார்த்தே ஒரு கோப்பையைக் காட்டினார். விளிம்புவரைக்கும் தேநீர், ஆடை படிந்து. "ஒன்றரைக்கு வைத்துவிட்டுப் போனேன். நீ தொடவில்லை."

"கடமை நேரத்தில் நான் ஒன்றும் குடிப்பதில்லை," என்றார் ஜெயரட்ணம்.

டுவார்த்தே ஆறிய தேநீரைக் கடலில் ஊற்றினார். "நீ ஆசனத்தில் இருக்கவும் இல்லை. எல்லோரும் இருந்துதான் பிடிப்பார்கள். நீ நாலு மணித்தியாலம் நின்றாய்."

அன்று மத்தியானம் ஜெயரட்ணம் பெருந்தன்மை காட்டினார். "மரியோ, பகலில கொஞ்சம் படும். களைச்சுப் போவீர்."

"எனக்கென்ன களைப்பு? அடிச்சுப் போட்ட மாதிரி எட்டு மணித்தியாலம் நித்திரை. கண் முழிக்கிறது நீங்களெல்லோ!"

அவன் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட எட்டிப் பார்க்கவில்லை. நடிகன்தான் என்று ஜெயரட்ணம் மெச்சிக்கொண்டார்.

ஜூலை 14, திங்கட்கிழமை, பின்னேரம் 4:10. காற்று ஏறியது. பாயை இறுக்கும்போது மரியோவின் இரண்டு விரல்கள் கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவில் போய் நசுங்கிவிட்டன. டுவார்த்தே தடி வைத்துக் கட்டி, பலமான குளிசை இரண்டு கொடுத்து, படகின் நடுவிலிருந்த நீள இருக்கையில் படுக்கவைத்தார்.

"விடியும்வரைக்கும் இவன் எழும்பமாட்டான்," என்றார். "இவனுடைய முறையை நான் பார்க்கிறேன். பன்னிரண்டிலிருந்து நாலு உன்னுடையது. அதைப்பற்றி எனக்குக் கவலை இல்லை."

ஜெயரட்ணத்துக்குத்தான் கவலை.

அவருக்கும் நியாயம் செய்யவேண்டும். அன்றைக்கு அவர் யோசித்தார். ஒன்பது மணியிலிருந்து கட்டிலில் கிடந்து செரீனாவை நினைத்தார். பட்டர் பூசிய கை. 'ஜஸ்ற் வன்.' நாலு மணித்தியாலம்தானே. ஒரு தடவை நின்றுவிட்டால், மிச்சம் எல்லாம் பொய்யாக இருந்தாலும், அது ஒன்று உண்மையாகிவிடும். வாந்தியும் நின்றிருந்தது. 11:30க்கு எழுந்து சப்பாத்தைப் போட்டு, கயிற்றைக்கூடக் கட்டினார். அவருடைய கடல் வீரத்தில் கைதட்ட ஏதாவது இருந்தால், அந்தச் சப்பாத்துக் கட்டியதுதான்.

11:50. டொக்... டொக்.

"ஓம்," என்றார்.

இருட்டு. மழைச் சட்டை கதவுக்குப் பின்னால் கொளுக்கியில் தொங்கியது. கட்டிலிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரம். எழுந்து எடுக்கவேண்டும். எடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு பெருமூச்சை உள்ளே இழுத்தார்.

அப்போது கேட்டது.

ஸ்ர்ர்ர்ப்...

சட்டைச் சிப்பை இழுத்துப் பூட்டும் சத்தம். கீழேயிருந்து மேலே. ஆறுதலாக. கழுத்துவரைக்கும்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில்.

ஜெயரட்ணம் மூச்சை வெளியே விடவில்லை.

'டிக்' என்று, சட்டைமேல் கட்டும் பாதுகாப்புப் பட்டியின் கொளுவி பூட்டிக்கொண்டது. கதவு திறந்தது. கால்கள் நடந்தன. படி ஒன்று... இரண்டு... மூன்று... நாலு.

மேலே டுவார்த்தேயின் குரல்: "சரியான நேரம். வழக்கம்போல."

மேலே காலடிகள் இடம் மாறின.

12:04. டுவார்த்தே இறங்கினார். சப்பாத்தைக் கழற்றினார், ஒன்று, மற்றது. பின்னறைக் கதவு சாத்தியது. 12:11. குறட்டை.

ஜெயரட்ணம் கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் கொளுக்கியில் அடித்தார். கொளுக்கி வெறுமையாக இருந்தது.

கதவிடுக்கால் பார்த்தார். நீள இருக்கையில் மரியோ. கட்டுப்போட்ட கை நெஞ்சில். வாய் திறந்து உறங்கினான்.

மரியோ ஒன்று. டுவார்த்தே இரண்டு. தான் மூன்று.

படகில் மூன்று பேர்தான்.

மேலே சுக்கான் கிறீச்சிட்டது. கொஞ்சம் இடம். கொஞ்சம் வலம். படகு ஒரு நூல் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது.

செபமாலையைத் தேடினார். அது படம் எடுக்கும்போது கழுத்தில் போடுவதற்காகக் கொண்டுவந்த மாலை. செபம் பாதியில் மறந்துவிட்டது. மறந்த இடத்திலிருந்து திரும்பத் திரும்பத் தொடங்கினார்.

1:00.

கால்கள் இறங்கின.

கதவிடுக்கில் கண்ணை வைத்திருந்தார், எடுக்க முடியவில்லை. விளக்கு மேசையின் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. சட்டையின் முதுகு தெரிந்தது. வெள்ளை நூல் எழுத்து.

கப்டன் ஜெயரட்ணம்.

அது எழுதியது. ஆறுதலாக. சட்டையிலிருந்து நீர் சொட்டியது. சட்... சட்... மழை பெய்யவில்லை. அலை அடிக்கவில்லை.

எழுதி முடித்தது. விளக்கை அணைத்தது. ஏறியது.

2:00.

திரும்ப இறங்கியது.

விளக்கு எரியவில்லை.

மேசைக்குப் போகவில்லை.

சட்... சட்... சட்...

கதவுக்கு வெளியே நின்றது.

ஜெயரட்ணம் கட்டிலில் விழுந்து, சப்பாத்தோடு போர்வையை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"மேல வாறியளோ?"

தமிழ். தன்மையான குரல். சபையில் மரியாதையாக ஒருவரைக் கூப்பிடும் குரல்.

"உங்கட முறையெல்லோ. வாறதெண்டால் வாங்கோ. நான் விடுறன்."

ஜெயரட்ணம் குறட்டை விட்டார். ஆம், குறட்டை. அத்திலாந்திக் நடுவில், உலகத்திலேயே அவரைக் காப்பாற்ற வந்த ஒரே கேள்விக்கு அவர் கொடுத்த பதில் அது.

கதவுக்கு வெளியே நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"சரி. படுங்கோ."

கால்கள் திரும்பின.

"அப்ப இனி நான் பாக்கிறன்."

விடிந்தது. சட்டை கொளுக்கியில் தொங்கியது, நனைந்து. ஜெயரட்ணம் சாம்பல் நிற முகத்தோடு மேலே வந்தார். டுவார்த்தே தோளில் தட்டினார்.

"நேற்றிரவுதான் மிகத் திறம். காற்று அப்படி அடித்தும் ஒரு பாகை பிசகவில்லை. போய்க் கையெழுத்தை வை."

இங்கே ஒரு மனிதன் என்ன செய்வான்? கத்துவான். அழுவான். 'நான் இல்லை' என்பான். ஜெயரட்ணம் இறங்கிப்போய்ப் பதிவுப் புத்தகத்துக்கு முன் நின்றார். பக்கத்தின் ஓரம் ஈரம். பேனை மூடி திறந்தபடி, கையெழுத்து வைக்கும் கட்டத்தைப் பார்த்துக் கிடந்தது. பேனையை எடுத்தார். 'ஜெ'யின் கொம்பை அழகாக வளைத்தார். விழாவுக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

அடுத்த இரண்டு இரவும் தலையணையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு கிடந்தார். இரண்டு காலையும் கையெழுத்து வைத்தார். யாரும் கதவுக்கு வரவில்லை. திரும்ப அவரை யாரும் கேட்கவும் இல்லை.

ஜூலை 17, வியாழக்கிழமை காலை மதீரா. டுவார்த்தே அவரைக் கட்டிப்பிடித்து, தன் கையால் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்: "நான் கண்டதில் மிகச் சிறந்த இரவுக் காவலாளி." ஜெயரட்ணம் அதை ரொறன்ரோவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்.

ஜூலை 26. அழைப்பிதழில் 6:30. விழா தொடங்கியது 7:50க்கு. தலைமை சச்சிதானந்தன் மாஸ்ரர். ஜெயரட்ணத்தின் பட்டங்களை வாசித்து முடிக்கவே அவருக்கு ஒன்பது நிமிடம் சென்றது. நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடித்தார். ஏழு பொன்னாடை. ஏழாவது அத்தியாயத்தை ஜெயரட்ணமே எழுந்து வாசித்தார். "என் கை சுக்கானை விடவில்லை" என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. அந்த இடத்தில் தழுதழுக்கவேண்டும் என்று பென்சிலால் குறித்திருந்தார். கடைசியில், வைத்தியராக வரப்போகும் தன் மகள் செரீனாவைச் சபைக்குக் காட்டினார்.

செரீனா முன்வரிசையில் இருந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. பயணம் முடிந்து வந்த நாளிலிருந்து அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். கொட்டாவி விட்டுக்கொண்டு பார்க்கும் பழைய பார்வை இல்லை. ரோல்ஸ் தட்டுகள் அடுக்கியிருந்த பின் நடையில் அவரைப் பிடித்துக் கட்டிக்கொண்டாள். எட்டு வயதுக்குப் பிறகு அவள் அவரைக் கட்டிப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

"தாங்க்ஸ் அப்பா."

"என்னத்துக்குப் பிள்ளை?"

"மெசேஜ் எல்லாத்துக்கும்."

அவர் சிரித்தபடியே நின்றார். விளங்காத இடத்தில் சிரிப்பது அவருடைய தொழில்.

அவள் தொலைபேசியை நீட்டினாள். படகில் செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. ஆபத்துக்கு உதவும் என்று டுவார்த்தே அதன் எண்ணை வீட்டாருக்குக் கொடுத்திருந்தார். அந்த எண்ணிலிருந்து வரிசையாகச் செய்திகள். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். முதலாவது ஜூலை 12, இரவு 8:05. படகில் அப்போது 12:05.

"செரீனா, சாப்பிட்டியோ? இங்க நல்ல இருட்டு. நான் சுக்கானில நிக்கிறன். உன்னை நினைச்சன்."

அவர் கீழே தள்ளித் தள்ளி வாசித்தார். அவள் பதில் போட்டிருந்தாள். முதலில் ஒரு சொல். பிறகு ஒரு வரி. பிறகு பக்கம் பக்கமாக. ஜனவரியில் படிப்பை விட்டுவிட்டாளாம். ஆறு மாதமாகக் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய் நூலகத்தில் இருக்கிறாளாம். யாருக்கும் சொல்லவில்லையாம். அதற்கு வந்த பதில்:

"பரவாயில்ல பிள்ளை. ஏன் இவ்வளவு நாளும் தனியச் சுமந்தனி?"

அதற்குக் கீழே, ஜூலை 14, இரவு 10:06. படகில் 2:06.

"இண்டைக்கு ஒருத்தரைக் கூப்பிட்டுப் பாத்தன். வரேல்ல. இனி நான்தான்."

"அது ஆர் அப்பா? மரியோ மாமாவோ?" என்று செரீனா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

ஜெயரட்ணத்தின் கழுத்தில் ஏழு பொன்னாடையும் ஈரமாயின.

"எனக்கு முதல் நம்ப ஏலேல்ல," என்றாள். "அப்பா உப்பிடி என்னட்ட ஒண்டுமே கேக்கமாட்டாரே எண்டு... ஐ மீன், நெவர். பிறகு டுவார்த்தே அங்கிள்ட சேர்ட்டிஃபிகேற் பாத்தன். பன்னண்டிலயிருந்து நாலு, எவ்ரி நைற். டைம் சரியா வருது." அவருடைய கண்ணுக்குள் பார்த்தாள். "அது நீங்கதானே அப்பா?"

ஒரு சொல். 'இல்லை' என்று ஒரு சொல். அதைச் சொன்னால் அவர் அவளுக்குச் சொன்ன முதலாவது உண்மையாக இருந்திருக்கும். சொன்னால் அந்த முகம் பழைய முகமாகிவிடும்.

"ஓம் பிள்ளை," என்றார். "நான்தான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப சரி. நேற்று அனுப்பினீங்களெல்லோ, நான் பதில் போடேல்ல. ஆனா சொன்ன மாதிரிச் செய்தனான்."

நேற்று அவர் எந்தக் கடலிலும் இல்லை. மார்க்கத்தில், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், தழுதழுக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

அதே எண். ஜூலை 25, இரவு 8:05.

"நாளைக்கு எல்லாரும் ஹோலுக்குப் போயிடுவியள். பேஸ்மென்ற் கதவைப் பூட்டாத. நான் வீட்டை வாறன்."

"ஏதோ சர்ப்ரைஸ் எண்டு நினைச்சன்," என்றாள் செரீனா. "பூட்டேல்ல."

ஒலிவாங்கியில் சச்சிதானந்தன் மாஸ்ரர் அவருடைய பெயரை, பட்டங்களோடு, திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார்.

9:15க்கு ஜெயரட்ணம் மண்டபத்துக் கழிப்பறைக்குள் பூட்டிக்கொண்டு டுவார்த்தேயை அழைத்தார். அங்கே 1:15. நித்திரைக் குரல்.

"செய்மதிக் கருவியா? முதல் நாளே கடலில் விழுந்துவிட்டதே. பின்னேரம் 6:20க்கு. பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில்தான் நீ கையெழுத்து வைத்தாய். வாசிக்கவில்லையா?"

வீட்டுக்கு வந்து சேர 11:40. வீட்டுக்குப் பின்னால், நிலவறைக்கு இறங்கும் பேஸ்மென்ற் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. 11:46க்கு ஜெயரட்ணம் தன் கையால் பூட்டினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கதவைப் பூட்டினால் எந்தப் பக்கம் எது நிற்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. கீழே இறங்கிப் பார்க்கவும் இல்லை.

கட்டிலில் ஏறினார். றோஸ்மேரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

12:00.

12:05.

செரீனாவின் அறைக் கதவு திறந்தது. அவள் படியிறங்கிப் போனாள். கீழே... இன்னும் கீழே.

பிறகு அவளுடைய குரல்.

"அப்பா..."

கொஞ்சம் இடைவெளி. யாரோ ஆறுதலாகப் பேசும் நேரம் அளவுக்கு.

செரீனா சிரித்தாள். வயிறு குலுங்கிய, சின்னப் பிள்ளைச் சிரிப்பு.

"கேட்டியளோ..." றோஸ்மேரி கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தாள். அவளுக்கும் சந்தோசம்தான். "எத்தினை வருசத்துக்குப் பிறகு தகப்பனும் மகளும் உப்பிடி இருந்து கதைக்கிறியள்..."

சொல்லிக்கொண்டே போர்வையை இழுக்கத் திரும்பினாள். அவளுடைய கை ஜெயரட்ணத்தின் நெஞ்சில் பட்டது.

கை அப்படியே நின்றது.

"இஞ்சாருங்கோ..."

12:09.

"...நீங்கள் இஞ்சையோ கிடக்கிறியள்?"

கீழே ஒரு கதிரை இழுபட்டது.

அதற்குப் பிறகு, அவளுக்கு எதிரே மற்றது.